90 விநாடியில் இருண்ட மாகாணம்... காட்டிக்கொடுத்த காலடிப் பாறை!

1989 மார்ச் 13, திங்கட்கிழமை. பின்னிரவு 2.44 மணி. கனடாவின் க்யூபெக் மாகாணம் தூங்கிக்கொண்டிருக்கிறது. வெளியே கடும் குளிர். வீடுகளுக்குள் மின்சார ஹீட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. திடீரென மாகாணம் முழுக்க கரன்ட் போய்விட்டது.

ஒரு டிரான்ஸ்பார்மர் வெடித்து நாலு தெரு இருளாவது நமக்குப் பழக்கம்தான். இது அப்படியல்ல. தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பரப்புள்ள ஒரு மாகாணம், முதல் கோளாறு தொடங்கியதிலிருந்து சுமார் 90 விநாடிக்குள் மொத்தமாக இருண்டது. 60 லட்சம் பேருக்கு மின்சாரம் இல்லை. லிஃப்டில் போனவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். காலையில் மான்ட்ரியல் நகர மெட்ரோ ஓடவில்லை. பள்ளிகள் திறக்கவில்லை. டோர்வல் விமான நிலையம் மூடப்பட்டது. ஹீட்டர் இல்லாமல் வீடுகள் சில்லிட்டுப் போயின. நிலைமை ஓரளவு சீராக ஒன்பது மணி நேரம் ஆனது.

காற்று பலமாக அடிக்கவில்லை. மரம் எதுவும் கம்பிமேல் விழவில்லை. யாரும் நாசவேலை செய்யவில்லை. முதல் நாள் இரவிலிருந்து வானத்தில் மட்டும் சிவப்பும் பச்சையுமாக ஒளித்திரைகள் ஆடிக்கொண்டிருந்தன. வழக்கமாகத் துருவப் பகுதிகளில் தெரியும் அந்த ஒளி, அன்று ஃபுளோரிடா, க்யூபா வரை தெரிந்தது. பனிப்போர்க் காலம் அது. சோவியத் யூனியன் அணுகுண்டு வீசிவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள்.

உண்மையான குற்றவாளி 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மார்ச் 10-ம் தேதி சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்று நிகழ்ந்து, மின்னூட்டம் பெற்ற துகள்களின் பெரும் மேகம் பூமியை நோக்கிக் கிளம்பியது. இரண்டு, மூன்று நாளில் அது வந்து மோதியதும் பூமியின் காந்தப்புலம் ஆட்டம் கண்டது. இதைத்தான் காந்தப் புயல் என்கிறார்கள்.

சரி, காந்தப் புயல் பூமி முழுவதையும்தானே உலுக்கியது? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல இடங்களில் கருவிகள் தடுமாறின. நியூஜெர்சியில் ஒரு அணுமின் நிலையத்தின் டிரான்ஸ்பார்மரே கருகியது. ஆனாலும் ஒட்டுமொத்தமாகச் சரிந்தது க்யூபெக் மட்டும்தான். ஏன்?

வடக்கே இருப்பது ஒரு காரணம். ஜேம்ஸ் விரிகுடா அருகே உள்ள நீர்மின் நிலையங்களிலிருந்து மான்ட்ரியல் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு 735 கிலோவோல்ட் கம்பிகள் ஓடுவது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் யார் கண்ணிலும் படாதது. அது அந்தக் கம்பிகளுக்குக் கீழே இருந்த பாறை.

மணல் தரையும் சிமென்ட் தரையும்

பத்தாம் வகுப்பு அறிவியலைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல். காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால், அதன் பிடியில் இருக்கும் கடத்தியில் மின்சாரம் பாயும். சைக்கிள் டைனமோ எரிவது இப்படித்தான். காந்தப் புயலின்போது பூமியே ஒரு டைனமோ மாதிரி ஆகிவிடுகிறது. தரைக்குள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது.

இங்கேதான் பாறை உள்ளே வருகிறது. மழை மணல் தரையில் பெய்தால், நீர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். அதே மழை சிமென்ட் தரையில் பெய்தால், போக வழியில்லாமல் தேங்கி, எங்கே சாக்கடை இருக்கிறதோ அதைத் தேடி ஓடும். நிலத்தடி உப்புநீரும் வண்டல் பாறையும் நிறைந்த பகுதி மணல் தரை. மின்னோட்டம் சுலபமாகத் தரைக்குள்ளேயே பரவிவிடும். மின்னழுத்தம் பெரிதாக ஏறாது. க்யூபெக்குக்கு அடியில் இருப்பதோ கனடியன் ஷீல்டு எனப்படும் பழம்பெரும் பாறைத்தளம். 100 கோடி ஆண்டுகளைத் தாண்டிய, இறுகிய, காய்ந்த பாறை. மின்சாரத்துக்கு அது சிமென்ட் தரை.

அப்போது சாக்கடை எது? மின்கம்பிதான். பெரிய டிரான்ஸ்பார்மர்கள் எல்லாமே பாதுகாப்புக்காகத் தரையோடு இணைக்கப்பட்டிருக்கும். நம் வீட்டில் எர்த் கொடுப்பதுபோல. அந்த வழியாகவே வேண்டாத மின்னோட்டம் ஏறி, கம்பியில் ஓடி, அடுத்த டிரான்ஸ்பார்மரில் இறங்கும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டார்ச் லைட் பேட்டரி அளவு, அதாவது ஒன்றரை வோல்ட் என்று வைத்துக்கொண்டால்கூட, 1,000 கிலோமீட்டருக்கு 1,500 வோல்ட் ஆகிவிடும்.

735 கிலோவோல்ட் ஓடும் கம்பிக்கு 1,500 வோல்ட் எம்மாத்திரம் என்று தோன்றலாம். சிக்கல் அளவில் இல்லை. கனடாவில் கம்பியில் ஓடும் மின்சாரம் விநாடிக்கு 60 முறை முழுச்சுற்றாகத் திசைமாறும். தரையிலிருந்து ஏறுவதோ நிமிடக்கணக்கில் மெதுவாக மாறுவது. டிரான்ஸ்பார்மரின் பார்வையில் அது நேர்மின்சாரம் மாதிரி. அதன் இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிரம்பி வழிந்து, மின்சாரத்தின் அலைவடிவத்தையே கோணலாக்கிவிடும். அன்றிரவு அந்தக் கோணலைக் கண்டு, மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்க வேண்டிய ஏழு ஈடுசெய்யும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே அணைந்துகொண்டன. தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்த கருவிகளே மாகாணத்தை இருளில் தள்ளின.

பேட்டரி இல்லாமல் பேசிய தந்தி

பூமி இப்படிக் கம்பியில் ஏறி வரும் என்பது 1989-ல் புதுச்செய்தி இல்லை. 1859 செப்டம்பர் முதல் தேதி, ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியனில் ஒரு வெண்ணிறப் பளிச்சிடலைப் பார்த்தார். மறுநாள் உலகெங்கும் தந்திக் கம்பிகள் பேயாட்டம் ஆடின. பாஸ்டன் நகரத்துத் தந்தி ஊழியரும், மேய்ன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் ஊழியரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருவரும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, வானம் கொடுத்த மின்சாரத்திலேயே சுமார் இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். பேட்டரி இருந்தபோது வந்ததைவிட நன்றாகவே வந்தது என்பதுதான் வேடிக்கை.

அந்தப் புயலைப் பதிவு செய்த முக்கியமான இடங்களில் ஒன்று நம் மும்பை. கொலாபா காந்த ஆய்வகத்தின் 1859-ம் ஆண்டுக் குறிப்புகளை இன்றைக்கும் விஞ்ஞானிகள் புரட்டுகிறார்கள். மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் அளவீட்டைக் கெடுத்துவிடும் என்பதால், பிறகு அந்த ஆய்வகத்தை அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள். இந்த டிராம் தொல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

12 கிலோமீட்டரோடு நின்றுபோன துளை

எந்த ஊருக்கு அடியில் மணல் தரை, எந்த ஊருக்கு அடியில் சிமென்ட் தரை என்று எப்படித் தெரிந்துகொள்வது? நூறு, இருநூறு கிலோமீட்டர் ஆழம் வரை தெரிய வேண்டும். பூமியின் மேலோடும், அதன் கீழே உள்ள கவசத்தின் இறுகிய மேல்பகுதியும் சேர்ந்ததைப் பாறைக்கோளம் என்கிறோம். கண்டத் தட்டுகளாக நகர்வது இதுதான். பழைய கண்டங்களில் இதன் கனம் 200 கிலோமீட்டரைத் தாண்டும்.

துளை போட்டுப் பார்க்கலாமா? உலகத்தின் மிக ஆழமான துளையை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-ல் தோண்டத் தொடங்கினார்கள். க்யூபெக் இருண்ட அதே 1989-ல் அது 12,262 மீட்டரை எட்டியது. அதற்குமேல் போகவே முடியவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குக் கிடைத்தது 12 கிலோமீட்டர்.

சோவியத் கணிதவியலாளர் ஆந்த்ரே திகனோவ் 1950-லும், பிரெஞ்சு புவி இயற்பியலாளர் லூயி கான்யார் 1953-லும் தனித்தனியாகச் சொன்ன வழி வேறு. துளையே வேண்டாம். சூரியனிலிருந்து வரும் தொல்லையையே டார்ச் லைட்டாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். தரைமேல் ஓரிடத்தில் காந்தப்புலம் எவ்வளவு மாறுகிறது, அதே நேரத்தில் தரையில் மின்புலம் எவ்வளவு எழுகிறது என்று இரண்டையும் அளந்து வகுத்துப் பார்த்தால், கீழே உள்ள பாறையின் மின்தடை தெரிந்துவிடும். இந்த முறையின் பெயர் மேக்னட்டோடெலூரிக்ஸ். காந்தம், தரை மின்னோட்டம் இரண்டையும் சேர்த்துக் கட்டிய பெயர். வாயில் நுழையாததால் துறைக்காரர்களே எம்.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

பெரிய புயல் வரவேண்டும் என்றுகூட இல்லை. சூரியக் காற்று தினமும் காந்தப்புலத்தை லேசாக அசைத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதைவிட வேகமான அசைவுகளை, உலகத்தின் ஏதோ மூலையில் இடிக்கும் மின்னல்கள் தருகின்றன. மேற்பகுதிப் பாறைகளைப் பார்க்க மின்னல், ஆழத்தைப் பார்க்கச் சூரியன்.

ஆழம் எப்படித் தெரிகிறது என்பதுதான் இதில் அழகான விஷயம். அசைவு மெதுவாக ஆக ஆக, அது ஆழமாக இறங்கும். நடுத்தர மின்தடை, அதாவது 100 ஓம்-மீட்டர் உள்ள பாறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு ஒருமுறை அசையும் அலை சுமார் 5 கிலோமீட்டர் இறங்கும். 100 விநாடிக்கு ஒருமுறை அசைவது 50 கிலோமீட்டர். 10,000 விநாடிக்கு, அதாவது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அசைவது 500 கிலோமீட்டர். ஆழம் பத்து மடங்காக வேண்டுமென்றால் நேரம் நூறு மடங்காக வேண்டும். ஆழத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதனால்தான் முதலில் பொறுமை வேண்டியிருக்கிறது.

மாடு மென்ற கேபிள்

அந்தப் பொறுமை எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரு சராசரி ஆய்வு நிலையத்துக்குப் போகலாம். அங்கே கோபுரம் கிடையாது, டிஷ் ஆன்டெனா கிடையாது. யாரோ ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலம். முதல் வேலை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் நிலத்தில் மூன்று வாரம் ஒரு கருவியைப் புதைத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பது. பாறைக்கோள ஆராய்ச்சியில் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்த வேலையை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை.

அனுமதி கிடைத்தால், நடுவில் ஒரு குழி. அதில் காந்தப்புலத்தை அளக்கும் உணரி. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நாலு பக்கமும் சுமார் நூறு மீட்டர் நீளத்துக்குள் கேபிள் இழுத்து, முனைகளில் மின்வாய்களைப் புதைப்பார்கள். சாதாரண இரும்புக் கம்பியைக் குத்திவைத்தால் அதுவே ஈர மண்ணோடு வினைபுரிந்து பேட்டரிபோல மின்சாரம் தரும். அதனால் ஈயமும் ஈயக் குளோரைடும் கொண்ட, நிலையாக இருக்கும் மின்வாய்களைப் பயன்படுத்துகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போய்விட வேண்டியதுதான்.

போனபிறகுதான் பிரச்னைகள் வரும். மாடு கேபிளை மெல்லும். எலி கடிக்கும். மின்வேலி துடிக்கும். பக்கத்தில் மின்சார ரயில் போனால், மும்பை டிராம் கதைதான். ரயிலின் சத்தத்தில் சூரியனின் முணுமுணுப்பு காணாமல் போய்விடும்.

இந்த இரைச்சலுக்கு 1979-ல் ஒரு மருந்து கிடைத்தது. தொலைவில் இன்னொரு நிலையத்தை ஒரே நேரத்தில் ஓடவிடுவது. சூரியனின் அசைவு இரண்டு இடத்திலும் ஒன்றுபோலப் பதிவாகும். உள்ளூர் ரயிலும் மின்வேலியும் ஓரிடத்தில்தான் பதிவாகும். இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். இதைச் செய்துகாட்டிய கலிஃபோர்னியாவின் பெர்க்லி குழு மூவரில் ஒருவர் ஜான் கிளார்க். வேறொரு கண்டுபிடிப்புக்காக 2025-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் அதே ஜான் கிளார்க்தான்.

கெடு நாலு வருஷம்... முடிந்தது ஐந்தில்!

அமெரிக்காவில் 2006-ல், பசிபிக் கடலோரம் இருக்கும் வடமேற்கு மாநிலங்களில் இந்த நிலையங்களைப் புதைக்கத் தொடங்கினார்கள். சுமார் 70 கிலோமீட்டருக்கு ஒன்று. எர்த்ஸ்கோப் என்ற பெரிய ஆராய்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதி அது. கண்டம் எப்படி உருவானது, பாறைக்கோளம் எங்கே தடிமன், எங்கே மெல்லிசு என்பதுதான் அவர்களின் கேள்வி. மின்வெட்டைப் பற்றி அப்போது பெரிதாக யாரும் பேசவில்லை.

2018-ல் திட்டம் முடிந்தபோது நாட்டின் மூன்றில் இரண்டு பங்குதான் அளக்கப்பட்டிருந்தது. தெற்கே பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. வரைபடத்தில் பாதி நாடு வண்ணமயமாகவும் மீதி வெள்ளையாகவும் இருந்தால் மின்வாரியத்துக்கு என்ன பிரயோஜனம்? காந்தப் புயல் மாநில எல்லை பார்த்தா வரும்?

விடுபட்ட பகுதிக்கு வழி பிறந்தது அறிவியல் ஆர்வத்தால் மட்டுமல்ல. 2019 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். வானில் அணுகுண்டு வெடித்தால் எழும் மின்காந்தத் துடிப்பிலிருந்தும், சூரியப் புயலிலிருந்தும் நாட்டின் மின்கட்டமைப்பைக் காப்பது பற்றிய ஆணை அது. நாலே ஆண்டில் நாடு முழுவதற்கும் இந்த எம்.டி. ஆய்வை முடிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. கெடு 2023. வேலை முடிந்தது 2024-ல். அரசாங்கக் கெடு எந்த ஊரிலும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் முடித்துவிட்டார்கள். 18 ஆண்டுகள், சுமார் 1,800 நிலையங்கள். பதிவான தரவு எல்லோருக்கும் இலவசம்.

அடுக்கி வைத்த இட்லித் தட்டா, கொத்து பரோட்டாவா?

மின் நிறுவனங்கள் அதுவரை கணக்குப் போட்ட விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். க்யூபெக் அனுபவத்துக்குப் பிறகு, வட அமெரிக்காவில் பெரிய மின் நிறுவனங்கள் காந்தப் புயலைத் தாங்குமா என்று சோதித்துக் காட்ட வேண்டும் என விதி வந்தது. க்யூபெக்கின் பாறையை அளவுகோலாக வைத்து, நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலுக்குக் கிலோமீட்டருக்கு 8 வோல்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். மற்ற பகுதிகளுக்கு அந்தந்த இடத்துப் பாறைக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தந்த இடத்துப் பாறையை எப்படிக் கற்பனை செய்தார்கள் தெரியுமா? இட்லிப் பானையில் தட்டுகளை அடுக்கினதுபோல. பெரிய நிலப்பகுதி ஒன்றுக்கு அடியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடுக்குகள் என்று. ஆய்வு முடிவுகளைப் பார்த்தால், அடியில் இருப்பது கொத்து பரோட்டா. ஒரே பகுதிக்குள், ஒன்றுக்கொன்று அருகிலுள்ள இடங்களுக்கு இடையிலேயே மின்புலம் பெரிய அளவில் மாறுகிறது. நாடு முழுவதையும் எடுத்தால் நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். வடக்கே மின்னசோட்டா போன்ற பழம்பாறைப் பகுதிகளிலும், கிழக்குக் கடற்கரையை ஒட்டிய பகுதிகளிலும் ஆபத்து அதிகம். வண்டல் நிறைந்த பள்ளத்தாக்குச் சமவெளிகளில் குறைவு.

கிழக்குக் கடற்கரையில்தான் பாறைக்கோள ஆராய்ச்சியும் மின்வாரியக் கணக்கும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தன. அப்பலாச்சியன் மலைத்தொடருக்கும் அட்லான்டிக் கடலுக்கும் நடுவே பீட்மான்ட் என்று ஒரு நிலப்பகுதி. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவும் வட அமெரிக்காவும் பிரிந்தபோது கிழிந்த ஓரம் அது. கிழிந்த ஓரத்தில் பாறைக்கோளம் மெலிந்திருக்க வேண்டும், சூடான கவசம் ஓரளவு மேலேயே இருக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. சூடான பாறை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

பெஞ்சமின் மர்ஃபி, கேரி எக்பர்ட் இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு நேரெதிராகச் சொன்னது. பீட்மான்ட்டுக்கு அடியில் மின்சாரத்தைக் கடத்தவே மறுக்கும் ஒரு பெரும் பாறைத்தொகுதி, 200 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கிறது. மெல்லிசு என்று நினைத்த ஓரம் தடிமனாக, குளிர்ந்து, இறுகிக் கிடக்கிறது. அந்த மலைத்தொடர் இத்தனை கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் தேய்ந்து தரைமட்டமாகவில்லை என்ற கேள்வியையே புதிதாக யோசிக்க வைத்த முடிவு அது.

இதே பாறைக்கு மேலேதான் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றியுள்ள நகரங்களின் மின்கம்பிகள் ஓடுகின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஜெஃப்ரி லவ் குழுவினர் 1989 புயலைக் கணக்கில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். அன்றிரவு அமெரிக்க மின்கட்டமைப்பில் எங்கெல்லாம் கோளாறு பதிவானதோ, அதில் பல இடங்கள் இப்படி மின்தடை அதிகமுள்ள பாறைப் பகுதிகளோடு ஒத்துப்போயின.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த ஆய்வு தருவது புகைப்படம் அல்ல. தரைமேல் கிடைத்த எண்களை வைத்து, கீழே என்ன இருந்தால் இந்த எண்கள் வரும் என்று கணினி தேடிக் கண்டுபிடிக்கும் படம். ஒரே எண்களுக்குப் பல படங்கள் பொருந்தலாம். அதில் தேவையில்லாத சிக்கல்களைக் கழித்து, எளிமையான படத்தைத் தேர்ந்தெடுக்கும் கணித முறைக்கும் பெயர் அதே திகனோவுடையதுதான். இன்னொன்று, மின்சாரம் நன்றாகப் பாய்கிறது என்றால் கீழே உருகிய பாறை இருக்கலாம், உப்புநீர் இருக்கலாம், பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டாகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்ய நில அதிர்வு அலைகள் போன்ற வேறு சாட்சிகளும் வேண்டும்.

யெல்லோஸ்டோன் எரிமலை வெடித்து அமெரிக்காவே அழியப்போகிறது என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அதற்கும் இதே முறையில் பதில் தேடியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, அங்கே உருகிய பாறை ஒரே பெரிய ஏரியாகத் தேங்கி நிற்கவில்லை, தனித்தனிப் பகுதிகளில் குறைந்த விகிதத்தில்தான் இருக்கிறது என்று காட்டியது. அடுத்தமுறை ஃபார்வர்டு வந்தால் இதைத் திருப்பி அனுப்பலாம்.

பாக் ஜலசந்தியின் விசித்திரம்

நம்மூருக்கு வருவோம். அண்ணாமலை நகர், கொடைக்கானல், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் இருந்த காந்த ஆய்வகங்கள், பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தன. காந்தப்புலத்தின் செங்குத்துப் பகுதி, அந்த இடங்களில் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. வானத்தில் ஓடும் மின்னோட்டத்தை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. ஆய்வாளர்கள் போய் நின்ற இடம் பாக் ஜலசந்தி. இந்தியாவைச் சுற்றியுள்ள கடலில் தூண்டப்படும் மின்னோட்டம், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில் குவிகிறது. கடல்நீர் மட்டுமே அதற்குப் போதாது, அதற்கு அடியிலும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் ஒரு பகுதி இருக்க வேண்டும் என்று கணித்தார்கள்.

இதனால் தமிழ்நாட்டுக்கு க்யூபெக் மாதிரி ஆபத்து என்று அர்த்தமில்லை. காந்தப் புயலின் உக்கிரம் துருவங்களை நெருங்க நெருங்கத்தான் கூடும். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதற்காக நம்மைத் தொடவே தொடாது என்றும் இல்லை. 2024 மே மாதம் இருபது ஆண்டுகளில் இல்லாத அளவு பலமான காந்தப் புயல் வந்தபோது, லடாக்கின் ஹான்லே வானத்திலேயே சிவப்பு ஒளி தெரிந்தது. அமெரிக்காவில் விதைப்புப் பருவம் அது. ஜி.பி.எஸ். தடுமாறியதால், அதை நம்பி நேர்கோட்டில் ஓடும் டிராக்டர்களை விவசாயிகள் ஓரங்கட்டி நிறுத்த வேண்டி வந்தது.

1989-க்குப் பிறகு க்யூபெக் மின் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. கருவிகள் பதற்றப்பட்டு அணைந்துகொள்ளும் வரம்பை மாற்றியது. நீண்ட கம்பிகளில் இடையிடையே மின்தேக்கிகளை வைத்தது. புயல் எச்சரிக்கை வந்தால் கட்டமைப்பின் சுமையைக் குறைத்து இயக்குகிறது. 2003 அக்டோபர் 30-ல் வந்த பெரும்புயலில் ஸ்வீடனின் மால்மோ நகரில் சுமார் 50,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. க்யூபெக்கில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 2024 மே 10-ம் தேதி இரவு, அதே வானத்தில் அதே ஒளித்திரைகள் ஆடியபோதும், மான்ட்ரியலில் மெட்ரோ ஓடியது.